ப்ரீ-மெட் மாணவர்கள் எந்தப் பாடம் எடுப்பது, எவ்வளவு எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்களுக்குப் பாட ஆலோசனை சொல்வது என் வேலை. அலுவலகத்தில் கேட்கிற கேள்விகளேதான் தமிழ்ப் பள்ளி வாசலிலும் வருகின்றன, பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதும் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டி முடியவில்லை என்பதால் இங்கே சேர்த்து எழுதிவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. சில மாணவர்களுடையவை, சில பெற்றோருடையவை. எல்லாம் அமெரிக்க மருத்துவக் கல்லூரிச் சேர்க்கை பற்றியவை.

ப்ரீ-மெட்னு ஒரு டிகிரி இருக்கா? அதுல சேர்ந்துட்டா டாக்டர் ஆயிடலாமா?

இல்லை. ஊரில் பிளஸ் டூ முடித்ததும் ஐந்தரை வருட எம்.பி.பி.எஸ்.ஸில் சேரலாம். இங்கே முதலில் நான்கு வருடப் பட்டம், பிறகு நான்கு வருட மருத்துவக் கல்லூரி, அப்புறம் துறையைப் பொறுத்து மூன்றிலிருந்து ஏழு வருடம் ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி. ப்ரீ-மெட் என்றால் "மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன், அதற்கு வேண்டிய பாடங்களையும் எடுக்கிறேன்" என்று அர்த்தம், அவ்வளவுதான். பட்டத்தில் அந்தப் பெயர் பெரும்பாலும் இருக்காது. இந்த ஏற்பாடு பழையது. 1893-இல் திறந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி பட்டம் பெற்றவர்களைத்தான் சேர்ப்பேன் என்றது. 1910-இல் வந்த ஃபிளெக்ஸ்னர் அறிக்கை கெமிஸ்ட்ரி, பயாலஜி, பிசிக்ஸ் தெரியாதவர்களை உள்ளே விடக் கூடாது என்றது. இன்றைக்கு நம் பிள்ளைகள் புலம்புகிற பட்டியல் அங்கிருந்துதான் வருகிறது.

பள்ளி முடித்ததுமே பட்டத்துக்கும் மருத்துவத்துக்கும் சேர்த்து இடம் தரும் திட்டங்கள் சில உண்டு. பிரவுன் பல்கலைக்கழகத்தில் எட்டு வருடம், மிசௌரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் ஆறு வருடம். இடங்கள் கொஞ்சம்தான். அதை மட்டும் நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கட்டாயம் எடுக்க வேண்டிய பாடம் என்னென்ன? ஒரே லிஸ்டா சொல்லிடுங்களேன்.

எல்லாக் கல்லூரிக்கும் பொதுவான பட்டியல் கிடையாது, ஆனால் பெரும்பாலான இடங்களுக்குப் போதுமான ஒன்று உண்டு. பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ் நான்கும் லேபோடு இரண்டிரண்டு செமஸ்டர். பயோகெமிஸ்ட்ரி ஒரு செமஸ்டர். ஆங்கிலம் அல்லது எழுத்துப் பயிற்சி இரண்டு. ஸ்டாடிஸ்டிக்ஸ் ஒன்று. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் வருவதால் சைகாலஜியும் சோஷியாலஜியும் ஒவ்வொன்று. கால்குலஸை மருத்துவக் கல்லூரி கேட்காவிட்டாலும் உங்கள் மேஜர் (பட்டத்தின் முதன்மைப் பாடம்) கேட்கலாம்.

மருத்துவக் கல்லூரிச் சங்கமான ஏ.ஏ.எம்.சி. நடத்தும் எம்.எஸ்.ஏ.ஆர். என்ற தளத்தில் ஒவ்வொரு கல்லூரியின் நிபந்தனையும் இருக்கிறது. இரண்டாம் வருடத்திலேயே ஒரு பத்துக் கல்லூரியைப் பார்த்துவிடுங்கள். சில இடங்களில் ஆன்லைன் லேபை ஏற்க மாட்டார்கள். சில இடங்களில் பல வருடம் முன் எடுத்த பாடம் செல்லாது. இதையெல்லாம் விண்ணப்பிக்கும் மாதத்தில் தெரிந்துகொண்டு என்ன பயன்?

பயாலஜி மேஜர்தானே எடுக்கணும்? எங்க பொண்ணு ஹிஸ்டரிதான் படிப்பேன்னு அடம்பிடிக்கிறா.

படிக்கட்டும். மேலே சொன்ன பாடங்களை எடுத்தால் போதும், மேஜர் எதுவாகவும் இருக்கலாம். விண்ணப்பிக்கிறவர்களில் பாதிக்கு மேல் பயாலஜி சார்ந்தவர்கள் என்பது உண்மை. ஆனால் ஹிஸ்டரி, இலக்கியம், கணிதம் படித்தவர்களுக்கு இடம் கிடைக்கும் விகிதம் அவர்களைவிடக் குறைவில்லை. நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவக் கல்லூரி 1987 முதலே இலக்கியம், வரலாறு படிப்பவர்களை எம்கேட் கூட இல்லாமல் எடுக்கத் தனித் திட்டம் வைத்திருந்தது.

ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் உண்டு. பயாலஜி மாணவருக்கு ப்ரீ-மெட் பாடங்களில் பாதிக்கு மேல் மேஜர் கணக்கிலேயே வந்துவிடும். ஹிஸ்டரி மாணவருக்கு இரண்டும் தனித்தனி. அதனால் முதல் செமஸ்டரிலிருந்தே கெமிஸ்ட்ரியைத் தொடங்க வேண்டும். விசா நிலையில் இருப்பவர்களுக்கு இந்தப் பதில் கொஞ்சம் மாறும். எச்-4 (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான விசா) பற்றிய கேள்வியைப் பாருங்கள்.

பயோமெடிக்கல் இன்ஜினியரிங் எடுத்தா மெடிக்கல் கிடைக்கலைன்னாலும் வேலை இருக்குமே சார்?

இன்ஜினியரிங் பிடித்தால் எடுங்கள். காப்பீடாக மட்டும் எடுக்காதீர்கள். கிரெடிட் அதிகம், மதிப்பெண் கறார், மருத்துவக் கல்லூரி "பாவம், இன்ஜினியரிங் படித்தார்" என்று பெரிதாக இரக்கம் காட்டாது. வேலைதான் முக்கியம் என்றால் எலக்ட்ரிக்கலோ கம்ப்யூட்டரோ இன்னும் பயன்படும் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு செமஸ்டருக்கு எத்தனை கிரெடிட் எடுக்கலாம்?

ஒரு கிரெடிட் என்றால் வாரம் ஒரு மணி நேர வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டத்துக்கு 120 கிரெடிட். எட்டு செமஸ்டரில் வகுத்தால் 15. முழுநேர மாணவர் என்று கணக்கில் வர 12 இருந்தால் போதும். இந்த எண்களைவிட அவற்றுக்குள் எத்தனை லேப் இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஒரு கிரெடிட் லேப் என்றால் வாரத்தில் மூன்று மணி நேரம் நின்றுகொண்டே வேலை, அதன்பின் ரிப்போர்ட்.

முதல் வருடத்தில் வழக்கமாக எடுக்கிற 15 கிரெடிட்டைப் பார்ப்போம். கெமிஸ்ட்ரி 3, அதன் லேப் 1, பயாலஜி 3, அதன் லேப் 1, கால்குலஸ் 4, எழுத்துப் பயிற்சி 3. வகுப்பறையிலும் லேபிலும் மட்டும் வாரம் 19 மணி நேரம். வகுப்பு ஒரு மணி நேரத்துக்கு வெளியே இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்பது கிரெடிட்டின் அடிப்படைக் கணக்கு, அதன்படி 26. லேப் ரிப்போர்ட்டுக்கு ஒரு 4 சேர்த்தால் மொத்தம் 49 மணி நேரம். ஒரு முழுநேர வேலைக்கு மேல். இதே 15 கிரெடிட்டை லேப் இல்லாத ஐந்து பாடமாக எடுத்தவருக்கு 45. நான்கு மணி நேர வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் லேப் மதியம் 1 மணிக்குத் தொடங்கி 4 மணி வரை நடந்தால் அந்த மதியத்தை வேறு எதற்கும் நம்ப முடியாது.

அதனால் முதல் செமஸ்டரில் லேப் உள்ள சயின்ஸ் ஒன்றே போதும் என்பேன். கெமிஸ்ட்ரி, அதன் லேப், கணிதம், எழுத்துப் பயிற்சி, பிடித்த பாடம் ஒன்று, 14 கிரெடிட். இரண்டாம் செமஸ்டரிலிருந்து லேப் இரண்டாகட்டும். மூன்று லேப் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். தேர்வு வாரத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்திருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டீர்கள்.

என் ரூம்மேட் 19 கிரெடிட் எடுக்கிறான். நான் 14 எடுத்தா மெடிக்கல் ஸ்கூல்ல சோம்பேறின்னு நினைப்பாங்களா அக்கா?

நினைக்க மாட்டார்கள். 14 கிரெடிட்டில் வாங்கிய ஏ, 19 கிரெடிட்டில் வாங்கிய பி பிளஸ் இரண்டில் முதலாவதுதான் மேல். எல்லா செமஸ்டரும் 12-லேயே நின்றால் கேள்வி வரும். ஒன்றிரண்டு செமஸ்டர் லேசாக இருப்பதை யாரும் கண்டுகொள்வதில்லை.

எந்த வருஷம் எந்தப் பாடம்?

ஒரு சங்கிலியைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்: ஜெனரல் கெமிஸ்ட்ரி 1, 2, ஆர்கானிக் 1, 2, பயோகெமிஸ்ட்ரி. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. மொத்தம் ஐந்து செமஸ்டர். முதல் செமஸ்டரிலேயே தொடங்கினால் மூன்றாம் வருட இலையுதிர் செமஸ்டரில் பயோகெமிஸ்ட்ரி முடியும், அடுத்த வசந்தத்தில் எம்கேட் எழுதலாம். சில கல்லூரிகளில் ஆர்கானிக் 1 முடித்ததுமே பயோகெமிஸ்ட்ரிக்கு விடுவார்கள், விசாரியுங்கள்.

பயாலஜிக்கும் பிசிக்ஸுக்கும் இந்தக் கெடுபிடி இல்லை, எங்கே இடம் இருக்கிறதோ அங்கே நுழைக்கலாம். ஆர்கானிக்கும் பிசிக்ஸும் ஒரே செமஸ்டரில் வருவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். பல கல்லூரிகளில் ஜெனரல் கெமிஸ்ட்ரி 1 இலையுதிர் காலத்தில்தான் தொடங்கும். முதல் வருடம் அதை விட்டால் சங்கிலி முழுக்க ஒரு வருடம் தள்ளிப்போகும். அதற்காக உலகம் இடிந்துவிடாது. கேப் இயர் (பட்டம் முடித்து விடும் இடைவெளி வருடம்) கேள்விக்கு வாருங்கள்.

ஏ.பி. கெமிஸ்ட்ரியில 5 வாங்கியாச்சு. ஜெனரல் கெமிஸ்ட்ரியைத் தாண்டி நேரா ஆர்கானிக் போயிடலாமா?

ஏ.பி. என்பது ஹைஸ்கூலிலேயே படிக்கும் கல்லூரி நிலைப் பாடம், 5 அதன் உச்ச மதிப்பெண். இதற்குப் பதில் சொல்ல மூன்று பேரைக் கேட்க வேண்டும். உங்கள் கல்லூரி விடுமா? பெரும்பாலும் விடும். மருத்துவக் கல்லூரி ஏற்குமா? பல ஏற்கும், ஏ.பி. கிரெடிட் உங்கள் கல்லூரி டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) பதிவாகியிருந்தால். சில இடங்களில் அதற்குப் பதிலாக அதே துறையில் மேல்நிலைப் பாடம் ஒன்று எடுக்கச் சொல்வார்கள். மூன்றாவது, நீங்கள். பதினொன்றாம் வகுப்பில் படித்த ஈக்விலிப்ரியம் இன்னும் நினைவிருக்கிறதா? பழைய ஃபைனல் தாள் ஒன்றை வாங்கி உட்கார்ந்து போட்டுப் பாருங்கள்.

பயாலஜியில் தாண்டுவதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. ஆனால் தெரிந்த பாடத்தையே மறுபடி எடுத்து ஏ வாங்கலாம் என்று எல்லா ஏ.பி.யையும் தூக்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு பாடத்துக்கு அது புத்திசாலித்தனம், ஐந்துக்குச் செய்தால் கல்லூரிப் பணம் வீண்.

ஆர்கானிக்கை சம்மர்ல கம்யூனிட்டி காலேஜ்ல முடிச்சிட்டா ஈசியாமே?

ஈசி என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. 15 வாரப் பாடத்தை ஐந்தாறு வாரத்தில் நடத்துவார்கள். ஒரு நாள் காய்ச்சல் வந்தால் கிட்டத்தட்ட மூன்று நாள் பாடம் போய்விடும். கம்யூனிட்டி காலேஜ் (செலவு குறைந்த இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரி) பாடத்தைப் பல மருத்துவக் கல்லூரிகள் ஏற்கின்றன. பணக் கஷ்டத்தால் முதல் இரண்டு வருடம் அங்கே படித்துவிட்டு மாறி வருகிறவர்களை மதிக்கவும் செய்கின்றன. ஆனால் பெரிய பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே கடினமான ஒன்றை மட்டும் வெளியே முடித்து வந்தால், ஏன் என்று புரிந்துவிடும். சம்மரில் எடுப்பதென்றால் ஸ்டாடிஸ்டிக்ஸ், சோஷியாலஜி மாதிரி எடுங்கள்.

முதல் மிட்டெர்ம்ல 48 வந்திருக்கு. டிராப் பண்ணவா, டபிள்யூ வாங்கவா, வர்றது வரட்டும்னு போகவா?

முதலில் வகுப்பின் சராசரி என்ன என்று பாருங்கள். ஆர்கானிக்கில் சராசரியே 50 என்பது சாதாரணம். அப்போது 48 என்றால் நீங்கள் நடுவில் இருக்கிறீர்கள், கர்வ் போட்டால் (வகுப்பின் சராசரியை ஒட்டி கிரேடு கொடுத்தால்) பி மைனஸோ பியோ வரலாம். சராசரி 72 என்றால் கதை வேறு. (இந்தப் பாடத்தின் மீதான கோபம் புதிதில்லை. 2022-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 350 பேர் இருந்த ஆர்கானிக் வகுப்பில் 82 பேர் மனு எழுதிக் கொடுத்து, பேராசிரியர் வேலை போய், நாடு முழுக்க அது விவாதமானது.)

முதல் ஒன்றிரண்டு வாரத்துக்குள் டிராப் செய்தால் டிரான்ஸ்கிரிப்டில் தடமே இருக்காது. மிட்டெர்ம் வரும்போது அந்தக் கெடு முடிந்திருக்கும். அதற்குப் பிறகு விலகினால் டபிள்யூ. அது டிரான்ஸ்கிரிப்டில் தெரியும், ஜி.பி.ஏ.வில் (4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரியில்) சேராது. ஒரு டபிள்யூவுக்காக யாரையும் ஒதுக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நான்கைந்து இருந்தால் கேட்பார்கள். சி மைனஸ் வருவதுதான் இரண்டுக்கும் கேடு: ஜி.பி.ஏ.வும் இறங்கும், சி-க்குக் கீழே என்று பல கல்லூரிகள் அந்தப் பாடத்தைக் கணக்கிலும் எடுக்காது.

"மறுபடி எடுத்தால் பழைய மதிப்பெண் அழிந்துவிடும்" என்று உங்கள் கல்லூரி சொல்லலாம். எம்.டி. (இங்கே இதுதான் வழக்கமான மருத்துவப் பட்டம்) விண்ணப்பம் போகிற பொதுத் தளமான ஆம்காஸ் அப்படிச் செய்யாது. இரண்டு முறை எடுத்தால் இரண்டு மதிப்பெண்ணையும் கூட்டும். டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) கல்லூரிகளின் தளமான ஆகோமாஸ் ஒருகாலத்தில் பழையதை விட்டுவிடும். 2017-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். சி அல்லது அதற்கு மேல் வந்துவிட்டால் மறுபடி எடுக்காமல் அடுத்த நிலைப் பாடத்தில் நன்றாகச் செய்து காட்டுவது நல்லது. டபிள்யூ போடும் முன் 12 கிரெடிட்டுக்குக் கீழே போகிறீர்களா என்று பாருங்கள். உதவித்தொகை பாதிக்கப்படலாம், எஃப்-1 மாணவர் விசாவில் இருந்தால் அலுவலகத்தைக் கேட்காமல் தொடவே கூடாது.

முதல் வருஷம் 3.0 தான். முடிஞ்சு போச்சா?

இல்லை, ஆனால் கணக்கைப் பார்த்துவிடுவோம். 30 கிரெடிட்டில் 3.0. அடுத்த இரண்டு வருடம் 60 கிரெடிட்டில் 3.8 வாங்கினால் விண்ணப்பிக்கும்போது 3.53 இருக்கும். எம்.டி. கல்லூரிகளில் சேர்கிறவர்களின் சராசரி 3.7-க்கு மேல். எட்டாத தூரமில்லை, ஆனாலும் இடைவெளி தெரிகிறது. நான்காம் வருடத்தையும் 3.8-லேயே முடித்துவிட்டு விண்ணப்பித்தால் 3.6. ஏறுமுகமாக இருப்பதைச் சேர்க்கைக் குழு கவனிக்கும்.

ஆம்காஸ் மொத்த ஜி.பி.ஏ.வோடு பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணிதத்துக்குத் தனியாக ஒரு சயின்ஸ் ஜி.பி.ஏ.வும் போடும். ஸ்டாடிஸ்டிக்ஸ் அதில் சேரும், சைகாலஜி சேராது. ஏ மைனஸுக்கு 3.7. ஏ பிளஸுக்கு உங்கள் கல்லூரி 4.3 கொடுத்தாலும் அங்கே 4.0 தான்.

ஹைஸ்கூல்ல இருக்கும்போது எடுத்த காலேஜ் கோர்ஸ்ல பி வந்துச்சு. அதைச் சொல்லணுமா?

சொல்லியே ஆக வேண்டும். கல்லூரி வழியாக எடுத்த பாடம் என்றால் பதினாறு வயதில் எடுத்திருந்தாலும் ஆம்காஸ் கணக்கில் சேரும். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை டூயல் என்ரோல்மென்ட்டில் அவசரமாகச் சேர்க்கும் பெற்றோர் இதைக் கவனிக்கவும்.

எம்கேட்டுக்குத் தனியா ஒரு செமஸ்டர் ஒதுக்கணுமா?

ஒதுக்கத் தேவையில்லை, லேசாக்கினால் போதும். 230 கேள்விகள், நான்கு பகுதி, இடைவேளையோடு ஏழரை மணி நேரம் உட்கார வேண்டும். மதிப்பெண் 472-இல் தொடங்கி 528 வரை. மூன்று மாதம் வாரத்துக்கு 20, 25 மணி நேரம் தேவைப்படும். அது இரண்டு மூன்று பாடத்துக்குச் சமம். அந்த வசந்த செமஸ்டரில் 12 கிரெடிட், லேப் ஒன்று அல்லது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர்கால விடுமுறையிலேயே தொடங்கிவிடுங்கள்.

வாசிப்புப் பகுதியான கார்ஸில்தான் நம் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். அதற்குக் கோச்சிங்கைவிட இரண்டு வருடம் ஹிஸ்டரியோ தத்துவமோ படித்தது உதவும். அடம்பிடித்த பெண்ணின் அம்மா கவனிக்க.

தமிழையே லாங்குவேஜ் பாடமா எடுக்கலாமா? வேஸ்ட்டா போகாதே?

எடுக்கலாம். பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா போன்ற பல்கலைக்கழகங்களில் தமிழ் வகுப்பு நடந்திருக்கிறது. மொத்த ஜி.பி.ஏ.வில் சேரும், சயின்ஸ் கணக்கில் சேராது. வீட்டில் பேசுகிறோம், சுலபமாக ஏ வாங்கிவிடலாம் என்று போனால், பேச்சைக் கேட்டதுமே ஆசிரியர் இரண்டாம் நிலைக்கு அனுப்பிவிடுவார். அங்கே எழுதவும் வேண்டும். டெக்சஸ், கலிஃபோர்னியா பக்கம் வேலை செய்ய ஆசை என்றால் ஸ்பானிஷ் நோயாளியிடம் பேச உதவும். இது ஆசையைப் பொறுத்தது.

வாலண்டியரிங், ஷேடோயிங், ரிசர்ச் எல்லாம் கேட்கிறாங்க. பாடத்துக்கே நேரம் இல்லையே?

எல்லாவற்றையும் ஒரே செமஸ்டரில் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. முதல் செமஸ்டர் பாடம் மட்டும். அதன்பின் வாரம் மூன்று, நான்கு மணி நேரம் ஒரே இடத்தில், வருடக்கணக்கில். ஆறு கிளப்பில் பெயர் கொடுப்பதைவிட ஒரே கிளினிக்கில் இரண்டு வருடம் போனது எடை. ஷேடோயிங்கை (டாக்டர் கூடவே இருந்து பார்ப்பதை) விடுமுறையில் முடிக்கலாம். ரிசர்ச்சுக்காக லேபில் சேர்வது மூன்றாவது லேப் பாடம் எடுப்பதற்குச் சமம். அந்த செமஸ்டரில் கிரெடிட்டைக் குறையுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தையும் இங்கேயே யோசியுங்கள். வழக்கமாக இரண்டு சயின்ஸ் பேராசிரியர், ஒரு சயின்ஸ் அல்லாதவர் வேண்டும். 300 பேர் வகுப்பில் உங்கள் பெயர் அவருக்குத் தெரியாது. வருடத்துக்கு ஒரு சிறிய வகுப்பாவது எடுத்து, அலுவலக நேரத்தில் போய் உட்காருங்கள். போய்க் கேள்வி கேட்பதைத் தொந்தரவு என்று நினைத்து ஒதுங்குவது நம் பிள்ளைகளிடம் அதிகம் பார்க்கிறேன்.

நாங்க இன்னும் கிரீன் கார்டு வரிசையிலதான் இருக்கோம். பையன் எச்-4. அவனுக்கும் இதே பிளான்தானா?

இல்லை. 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், எஃப்-1-க்கு மாற வேண்டியிருக்கும். மாநில மருத்துவக் கல்லூரிகள் பலவும் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே எடுக்கின்றன. வெளிநாட்டு மாணவரை எடுக்கும் சில கல்லூரிகளும் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டச் சொல்லும். நான்கு வருடப் பணத்தையும் முன்கூட்டியே ஒதுக்கி வைக்கச் சொல்வதும் உண்டு. அரசின் கல்விக் கடனும் கிடையாது. எம்.எஸ்.ஏ.ஆரில் முதலில் இந்த நிபந்தனையைத்தான் பார்க்க வேண்டும்.

மேஜர் எதுவாகவும் இருக்கலாம் என்று சொன்னேன் அல்லவா, அது இங்கே மாறுகிறது. எஃப்-1-இல் பட்டம் முடித்தால் 12 மாதம் வேலை அனுமதி. ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள மேஜர் என்றால் இன்னும் 24 மாதம். அடுத்த வழி தெரியும்வரை நாட்டில் இருக்க அந்த மூன்று வருடம் தேவைப்படலாம். அதனால் ஹிஸ்டரிதான் ஆசை என்றாலும் அதை மைனராக (துணைப் பாடமாக) வைத்து, பயாலஜி, ஸ்டாடிஸ்டிக்ஸ் போன்ற ஒன்றை மேஜராக எடுப்பதே பாதுகாப்பு. பல்கலைக்கழகத்தின் ப்ரீ-மெட் ஆலோசகரிடம் முதல் சந்திப்பிலேயே விசா நிலையைச் சொல்லுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

கேப் இயர் எடுத்தா ஊர்ல "ஃபெயில் ஆயிட்டானா"னு கேட்பாங்களே?

கேட்பார்கள். ஆனால் இன்று மருத்துவக் கல்லூரியில் சேர்கிறவர்களில் பாதிக்கு மேல் பட்டம் முடித்து ஒரு வருடமாவது இடைவெளி விட்டவர்கள். இடைவெளி விட்டால் மூன்றாம் வருடத்தில் எம்கேட்டைத் திணிக்க வேண்டாம், நான்காம் வருட மதிப்பெண்ணும் விண்ணப்பத்தில் சேரும். 3.0 கேள்வியில் பார்த்த 3.53-க்கும் 3.6-க்கும் உள்ள வித்தியாசம் அப்படி வந்ததுதான். கெமிஸ்ட்ரிச் சங்கிலி தள்ளிப்போனவர்களுக்கும் இதுவே வழி.

ரெண்டு வருஷம் ப்ரீ-மெட் எடுத்துட்டு இப்போ கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறணும்கிறான். எடுத்ததெல்லாம் வீணா?

பாதி வீணாகாது. கால்குலஸ், ஸ்டாடிஸ்டிக்ஸ், எழுத்துப் பயிற்சி அப்படியே புதிய மேஜரிலும் சேரும். பிசிக்ஸை சயின்ஸ் நிபந்தனைக்கு வைத்துக்கொள்வார்கள். சைகாலஜியும் சோஷியாலஜியும் பொதுப் பாடக் கணக்கில் போகும். ஆர்கானிக்கும் அதன் லேபும்தான் வெறும் எலெக்டிவ் ஆகும். பெரிய பல்கலைக்கழகங்களில் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு உள்ளேயே மாற ஜி.பி.ஏ. வரம்பும் விண்ணப்பக் கெடுவும் உண்டு. அதனால் அவனிடம் "ஏன்" என்று வாதாடுவதற்கு முன், அந்தத் துறையின் மாறுதல் விதியை இருவரும் சேர்ந்து படித்துவிட்டு, அடுத்த செமஸ்டர் பதிவு திறப்பதற்குள் அந்தத் துறையின் ஆலோசகரைப் பார்க்க நேரம் வாங்கச் சொல்லுங்கள்.